இடர்க்காலத்தில் மண் பாக்டீரியங்கள்

உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோஜ் நகரம் வாசனைத் திரவியங்களுக்குப் பெயர்பெற்றது. ரோஜா, மல்லிகை முதலிய மலர்களிலிருந்து அத்தர் வடிப்பது போலவே, சுட்ட களிமண்ணிலிருந்தும் அங்கு ஓர் அத்தர் வடிக்கப்படுகிறது. காய்ந்த நிலத்தின் மீது முதல் மழை விழும்போது எழும் மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்து வைக்கும் கைத்தொழில் அது. 1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இஸபெல் பேர், ரிச்சர்டு தாமஸ் ஆகிய இருவரும் இம்மணத்தை ஆராய்ந்து எழுதிய காலை, நம் நாட்டு அத்தரையும் குறிப்பிட்டனர். மறு ஆண்டில் அம்மணத்திற்குக் காரணமான பொருள்களுள் ஒன்று அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டு, 'ஜியோஸ்மின்' எனப் பெயரிடப்பட்டது.

ஜியோஸ்மினை மிகுதியாக உண்டாக்குவது மண்ணில் நூல் நூலாகப் படர்ந்து வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்னும் பாக்டீரிய இனம். ஆகாரம் குன்றி, இனி வளர வழியில்லை என்ற நிலையில் இப்பாக்டீரியம் 'ஸ்போர்' என்னும் உறைபொதிந்த வித்துக்களை உண்டாக்குகிறது. அச்சமயத்தில்தான் ஜியோஸ்மினும் உண்டாகிறது. இரண்டும் ஒரே ஆணையின்கீழ் நடைபெறுகின்றன என்பது 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. மண்ணில் துள்ளித் திரியும் இறகற்ற மிகச் சிறு ஜந்துக்கள் இம்மணத்தை நாடி வந்து பாக்டீரியத்தை மேய்கின்றன. மேயும்போது ஸ்போர்களைத் தம் உடலில் ஒட்டவைத்துக்கொண்டு வேறிடம் செல்கின்றன. ஆகவே, மழை நாளில் நாம் மகிழ்ந்து நுகரும் மணம், நிலத்தடியில் நேர்ந்த ஒரு பஞ்சத்தின் அடையாளம் என்றே கொள்ளவேண்டும்.

இத்தகைய பஞ்சம் மண்ணில் அடிக்கடி நேர்வது. ராஜஸ்தானத்து மணற்பாங்கான நிலங்களில் கோடை நண்பகலில் மேல்மண்ணின் உஷ்ணநிலை 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. கங்கைச் சமவெளியில் 'ஊசர்' என்று வழங்கும் களர்நிலங்களில் சோடியம் கார்பனேட்டு மிகுந்து, காரநிலை பி.எச். 10 அளவிற்கு ஏறிவிடுகிறது. வளமான நிலத்திலோ ஒரு கிராம் மண்ணில் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை பாக்டீரியங்கள் இருக்கக்கூடும் எனினும், அவற்றுட் பெரும்பாலானவை எந்நேரமும் அரைப்பட்டினியாகவே கிடக்கின்றன. வெப்பம், வறட்சி, உப்பு, நஞ்சு, பசி ஆகிய இவற்றையெல்லாம் ஓடவும் ஒளியவும் இயலாத ஒற்றைச் செல் உயிர் எவ்வாறு தாங்குகிறது?

இவ்வினாவிற்கு விடை கூறுமுன் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் அவசியம். முன்னரே தன்னிடமுள்ள ஜீன்களைச் சமயத்திற்கேற்ப இயக்கியும் நிறுத்தியும் பிழைப்பது ஒன்று. ஜீன்களே மாறுபட்டு, அம்மாறுதல் சந்ததிக்குச் செல்வது மற்றொன்று. (ஜீன் என்பதைப் பள்ளி நூல்கள் மரபணு என வழங்குகின்றன.) இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கூறுவதால் வகுப்பறையிலும் வயலிலும் தவறான கருத்துக்கள் பரவுகின்றன. முதலில் முன்னதைக் காண்போம்.

உள்ள ஜீன்களைக் கொண்டு பிழைத்தல்

வைக்கோலிலும் மண்ணிலும் எங்கும் காணப்படும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியம் இவ்வகையில் மிகவும் நுணுக்கமாக ஆராயப்பட்டதாகும். அதன் டி.என்.ஏ. முழுவதும் 1997-ஆம் ஆண்டில் படித்தறியப்பட்டது. ஏறத்தாழ 42 லட்சம் எழுத்திணைகளும் 4,100 ஜீன்களும் அதில் உள்ளன. இத்தனை ஜீன்களும் ஒருங்கே வேலை செய்வதில்லை. ஜீனைப் படித்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் என்ஸைமுடன் 'சிக்மா' எனப்படும் சிறு புரதம் ஒன்று சேர்ந்தாலன்றி, எந்த ஜீன் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த என்ஸைம் அறியாது. இது 1969-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பாக்டீரியத்திடம் சிக்மாக்கள் பலவுண்டு. ஒவ்வொன்றும் ஒரு தொகுதி ஜீன்களை மட்டும் சுட்டிக்காட்டும். சாதாரண நாளில் ஒரு சிக்மா ஆட்சி செய்கிறது. வெப்பமோ உப்போ அமிலமோ திடீரெனத் தாக்கினால், அதுவரை மற்றொரு புரதத்தால் கட்டுண்டு கிடந்த 'சிக்மா-பி' விடுபட்டுச் சில நிமிடங்களுக்குள் 150-க்கு மேற்பட்ட ஜீன்களை இயங்கச் செய்கிறது. அவற்றின் விளைவாகத் தோன்றும் புரதங்கள் செல்லைப் பழுதுபார்க்கவும் காக்கவும் பயன்படுகின்றன.

உப்பு மிகுந்த மண்ணில் நேரும் தொல்லை வேறு விதமானது. வெளியே உப்பு அதிகமாயின் செல்லினுள்ளிருந்து நீர் வெளியேறிவிடும். ஊறுகாய் ஜாடியில் மாங்காய்த் துண்டு சுருங்குவது போல. இதைத் தடுக்கப் பேசில்லஸ் முதலில் பொட்டாசியத்தை விரைந்து உள்ளிழுக்கிறது. பின்னர்ப் புரோலின் என்னும் அமினோ அமிலத்தைப் பெருமளவில் தானே தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. மட்கிய செடிகொடிகளிலிருந்து கிளைசின் பீட்டைன் என்ற பொருள் கிடைக்குமாயின், தயாரிக்கும் செலவை விடுத்து அதையே எடுத்துக்கொள்கிறது. இப்பொருள்கள் எவ்வளவு சேர்ந்தாலும் செல்லின் வேலைகளுக்குக் குந்தகம் விளைப்பதில்லை.

இவ்வுபாயங்கள் யாவும் பலிக்காதபோது கடைசியாக மேற்கொள்வது ஸ்போர் உண்டாக்குதல். இது எளிதில் எடுக்கப்படும் முடிவன்று. பசியை உணரும் புரதங்கள் ஒரு பாஸ்பேட்டு மூலக்கூறை ஒன்றிடமிருந்து மற்றொன்றிற்குக் கைமாற்றிக் கைமாற்றி, இறுதியில் 'ஸ்போ-0-ஏ' என்னும் தலைமைப் புரதத்தினிடம் சேர்க்கின்றன. அரசாங்க அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மேசையாகச் சென்று மேலதிகாரியிடம் சேர்வதை இது ஒத்திருக்கிறது என்றால் வாசகர்கள் மன்னிப்பார்களாக. இடையிலுள்ள எந்த மேசையிலும் கோப்பைத் திருப்பியனுப்ப இடமுண்டு. உதாரணமாக, டி.என்.ஏ. பழுதுபட்டிருப்பின் காரியம் நின்றுவிடும். போதிய அளவு பாஸ்பேட்டு ஏறிய பின்னரே தலைமைப் புரதம் கட்டளையிடுகிறது. அதன் நேரடி ஆளுகைக்குட்பட்ட ஜீன்கள் சுமார் 120. இதில் வியக்கத்தக்க ஒரு செய்தியுமுண்டு. ஸ்போர் உண்டாக்கப் புகுந்த செல்கள், இன்னும் அவ்வழியில் இறங்காத தம்மினத்துச் செல்களைக் கொல்லும் பொருள்களைச் சுரந்து, அவற்றின் உடற்சாரத்தை உண்டு, தம் முடிவைச் சிறிது காலம் ஒத்திப்போடுகின்றன.

கட்டளை பிறந்ததும் செல் நடுவில் பிரியாமல் ஒரு கோடியில் பிரிகிறது. சிறு அறை ஸ்போராகவும், பெரிய அறை அதன் தாயாகவும் ஆகின்றன. தாய்ச்செல் சிறு அறையை விழுங்குவதுபோல் சூழ்ந்துகொண்டு, அடுக்கடுக்காக உறைகளைப் பூட்டுகிறது. சிறு அறையில் இரண்டும் பெரிய அறையில் இரண்டுமாக நான்கு சிக்மாக்கள் முறைவைத்து இயங்குகின்றன. ஓர் அறையில் ஒரு கட்டம் முடிந்த செய்தி மற்ற அறைக்குச் சென்ற பின்பே அங்கு அடுத்த கட்டம் தொடங்குகிறது. உட்பகுதியிலிருந்து நீர் பெரும்பாலும் வெளியேற்றப்பட்டு, அவ்விடத்தில் கால்சியத்துடன் கூடிய டைபிகொலினிக் அமிலம் நிரம்புகிறது. சிறு புரதங்கள் டி.என்.ஏ. இழையை நெருக்கமாகப் போர்த்திக் காக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் 37 டிகிரி உஷ்ணத்தில் இவ்வளவும் முடிய ஏழெட்டு மணி நேரமாகிறது. முடிவில் தாய்ச்செல் சிதைந்து மடிகிறது.

ஸ்போரின் வன்மையை ஆசிரியர்கள் பள்ளியிலேயே காட்டலாம். வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய நீரை மூன்று குடுவைகளில் ஊற்றிப் பஞ்சினால் அடைக்கவேண்டும். ஒன்றை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவதைப் பத்து நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். மூன்றாவதைப் பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வைத்து எடுக்கவேண்டும். இரண்டு மூன்று நாட்களில் முதற்குடுவை கலங்கி நாற்றமெடுக்கும். கொதித்த இரண்டாவது குடுவையிலும் மேற்பரப்பில் சுருக்கம் விழுந்த ஓர் ஆடை படரக் காணலாம். நூறு டிகிரியில் மடியாத ஸ்போர்கள் நீர் ஆறியபின் முளைத்ததன் பயன் அது. குக்கரில் அழுத்தம் மிகுவதால் உஷ்ணநிலை 120 டிகிரியை ஒட்டி ஏறுகிறது. எனவே மூன்றாவது பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். பரிசோதனை முடிந்ததும் குடுவைகளைத் திறவாமல் குக்கரில் வைத்து எடுத்த பின்னரே கொட்டவேண்டும். ஜெர்மன் தாவரவியலார் பெர்டினாண்டு கோன் வைக்கோற் கஷாயத்தில் இதனைக் கண்டு 1876-ஆம் ஆண்டில் விவரித்தார். கொதிக்க வைத்த திரவத்திலும் உயிர் தானே தோன்றுகிறது என்று அக்காலத்தில் வாதாடியவர்களின் கட்சி இதனால் வலுவிழந்தது.

கள அலுவலர்களுக்கு இங்கு ஒரு செய்தி உண்டு. ஸ்போர் உண்டாக்கும் திறன் எல்லாப் பாக்டீரியங்களுக்கும் இல்லை. பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியத்திற்கு அது கிடையாது. ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரையைச் சேமித்து வறட்சியை ஓரளவு தாங்குமேயன்றி, உறைக்குள் ஒடுங்கிக் காலங்கழிக்க அதனால் இயலாது. மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பேசில்லஸ் இனத்துப் பொட்டலமும் ரைசோபியப் பொட்டலமும் கிட்டங்கியில் ஒரே அலமாரியில் இருக்கக் காண்கிறோம். தகரக் கூரையின் கீழ் மே மாதம் முழுவதும் இருந்தால், முன்னதில் ஸ்போர்கள் எஞ்சியிருக்கக்கூடும்; பின்னதில் கரித்தூள் மட்டுமே எஞ்சும். 2006-ஆம் ஆண்டு முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் ரைசோபியத் தூளில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆனால் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்ட எண் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளைக் குறிப்பது. விவசாயியின் கைக்கு வந்த நாளையன்று. வெல்லக் கரைசலில் தூளைக் குழைத்து விதையிற் பூசியபின் நிழலில் உலர்த்தி அன்றே விதைக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயமன்று. வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால் பூசிய உழைப்பு வீணே. 'போன வருஷம் போட்டேன், ஒன்றும் காணோம்' என்று கூறும் விவசாயியின்மேற் பிழை காண்பதற்கு முன், அப்பொட்டலம் எங்கு எத்தனை நாள் இருந்தது என்று விசாரிப்பது நலம்.

ஜீன்களே மாறுதல்

இனி இரண்டாவது வகை. 'சூழ்நிலைக்கேற்பப் பாக்டீரியம் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது' என்று எழுதுவது தமிழில் வழக்கமாகிவிட்டது. இத்தொடரில் 'கொள்கிறது' என்னும் துணைவினை, அவ்வுயிர் தனக்கு வேண்டியதை அறிந்து தேடிப் பெறுவது போன்ற எண்ணத்தைத் தருகிறது. இதுகாறும் கூறிய முதல் வகைக்கு அச்சொல் பொருந்தும். இரண்டாம் வகைக்குப் பொருந்தாது. வேறு நல்ல சொல் வழக்கில் இல்லாமையால் நாமும் அதனையே எழுதிவருகிறோம். எனினும் மாணவர்க்கு இதனை விளக்கிக் கூறாவிடின், நஞ்சு தெளித்ததனால் பாக்டீரியம் அந்நஞ்சை எதிர்க்கக் 'கற்றுக்கொண்டது' என்றே அவர்கள் எழுதுவர்.

உண்மை யாது என்பதை 1943-ஆம் ஆண்டில் சால்வடார் லூரியா, மாக்ஸ் டெல்புருக் ஆகிய இருவரும் எளிய கணக்கொன்றினால் நிறுவினர். ஒரே பாக்டீரியத்தின் சந்ததிகளைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்து, பின்னர் ஒவ்வொரு குழாயிலுள்ளவற்றையும் பாக்டீரியத்தைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டில் பரப்பினர். வைரஸைக் கண்ட பின்னர்தான் எதிர்ப்பு உண்டாகுமாயின், எல்லாத் தட்டுக்களிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பிழைத்தவை இருத்தல் வேண்டும். அவ்வாறில்லை. பல தட்டுக்களில் ஒன்றுகூட இல்லை. சிலவற்றில் மிகப் பலவாக இருந்தன. குழாயில் வளரும்போதே, வைரஸை ஒருபோதும் காணாத நிலையில், தற்செயலாக ஒரு செல்லில் மாறுதல் நேர்ந்திருக்கிறது. அது முன்னதாக நேர்ந்த குழாயில் அதன் சந்ததி பெருகிவிட்டது. கடைசியில் நேர்ந்த குழாயில் ஒன்றிரண்டே இருந்தன. 1952-ஆம் ஆண்டில் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் வெல்வெட்டுத் துணியால் தட்டுக்குத் தட்டு ஒற்றியெடுத்து இதையே கண்ணுக்கு நேராகக் காட்டினர்.

பாக்டீரியம் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.வைப் படியெடுப்பதில் பிழை நேர்வது மிகமிக அரிது. முந்நூறு செல்களில் ஒன்றில் ஒரு பிழை என்பது உத்தேசக் கணக்கு. ஆயினும் நூறு கோடிச் செல்கள் ஒரு முறை பிரிந்தால் முப்பது லட்சத்திற்கு மேற்பட்ட புதுப் பிழைகள் தோன்றிவிடுகின்றன. அவற்றிற் பல பயனற்றவை, பல தீயவை. எதிர்பாராத ஏதோ ஓர் இடரில் கைகொடுப்பதாக என்றேனும் ஒன்று இருக்கலாம். இடரே பிழைகளின் தொகையைப் பெருக்குவதுமுண்டு: டி.என்.ஏ. கடுமையாகப் பழுதுபடும்போது சில பாக்டீரியங்கள் அவசரத்திற்காகத் துல்லியம் குறைந்த என்ஸைமைக் கொண்டு படியெடுக்கின்றன. ஆனால் எந்த ஜீனில் மாறுதல் வேண்டும் என்று இடர் சுட்டிக்காட்டுவதில்லை.

தற்செயற் பிழைகளைவிட மண்ணில் விரைவாக வேலை செய்வது மற்றொன்று: ஒரு பாக்டீரியத்தின் ஜீன்கள் உறவற்ற மற்றொன்றிற்குப் போய்ச் சேர்தல். இதற்கு வயலிலேயே கிடைத்த சான்று நியூசிலாந்தில் உண்டு. அங்கு ஒரு நிலத்தில் லோட்டஸ் என்னும் தீவனப் பயற்றுச்செடி விதைக்கப்பட்டது. (இது நம் தாமரையன்று, பெயரொற்றுமை மட்டுமே.) அச்செடிக்குரிய ரைசோபியங்கள் அம்மண்ணில் இல்லாமையால் ஒரே ஒரு ரகம் விதையுடன் இடப்பட்டது. ஏழாண்டுகளுக்குப் பின் முடிச்சுக்களைத் திறந்து பார்த்த ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார், இட்ட ரகத்துடன் அதனின் வேறுபட்ட பல பாக்டீரியங்களும் அங்கு குடியிருக்கக் கண்டனர். ஐந்து லட்சம் எழுத்திணைகள் நீளமுள்ள ஒரு ஜீன் தொகுதி இட்ட ரகத்திலிருந்து கழன்று, அம்மண்ணில் முன்னரே வாழ்ந்த பாக்டீரியங்களுக்குள் சென்று ஒட்டிக்கொண்டிருந்தது. முடிச்சு உண்டாக்கும் திறனற்றிருந்தவை அத்தொகுதியைப் பெற்றதும் அத்திறனைப் பெற்றுவிட்டன. 1995, 1998-ஆம் ஆண்டுகளில் இவ்வாராய்ச்சிகள் வெளிவந்தன.

கேட்பதற்கு இது நற்செய்தி போலத் தோன்றும். மேற்கு ஆஸ்திரேலியாவில் நேர்ந்தது அத்தகையதன்று. மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து பிஸெருலா என்னும் தீவனச்செடி கொண்டுவரப்பட்டு, தக்க ரைசோபியத்துடன் 1990-களில் பயிரிடப்பட்டது. ஆறாண்டுகளில் அங்கும் ஜீன் தொகுதி உள்ளூர்ப் பாக்டீரியங்களுக்கு மாறியது. ஆனால் புதிதாகத் தோன்றியவற்றுள் சில, முடிச்சை உண்டாக்கி அதில் குடியேறின. தழைச்சத்தையோ மிகக் குறைவாகத் தந்தன, அல்லது தரவேயில்லை. அம்மண்ணின் கோடையைத் தாங்கும் ஜீன்கள் அவற்றிடம் முன்னரே இருந்தமையால் இடம் பிடிப்பதிலும் வல்லவையாயின. வேரைப் பிடுங்கி முடிச்சுக்களை எண்ணிப் பார்த்து 'நன்று' என்று குறிப்பெழுதும் பழக்கம் எவ்வளவு போதாதது என்பதை இது காட்டுகிறது. முடிச்சைக் குறுக்கே வெட்டி உள்ளே செந்நிறம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருப்பின் அது உண்டு உறங்கும் விருந்தாளியின் வீடே.

நம் நாட்டு உதாரணம் ஒன்று

இதுவரை இயற்கையில் என்றும் இருந்துவரும் இடர்களைப் பற்றியே கூறினோம். மனிதன் புதிதாகச் செய்து மண்ணிற் கொட்டிய ஒரு பொருளைப் பாக்டீரியங்கள் எதிர்கொண்ட விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. வயதான விவசாயிகள் பி.எச்.சி. பொடியை மறந்திருக்கமாட்டார்கள். பென்ஸீனுடன் குளோரினைச் சேர்த்து 1825-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே முதன்முதல் செய்த பொருள் அது. பூச்சிகளைக் கொல்லும் என்பது 1940-களில்தான் தெரியவந்தது. அது ஒரே பொருளன்று, ஒரே அணுக்கள் வெவ்வேறு விதமாக அமைந்த பல பொருள்களின் கலவை. அவற்றுள் பூச்சியைக் கொல்வது லிண்டேன் எனப்படும் காமா வகை. கலவையில் அது 10 முதல் 15 சதவீதமே. லிண்டேனை மட்டும் பிரித்தெடுத்து மற்றதைக் கொட்டியதால், ஒரு டன் லிண்டேனுக்கு எட்டு டன்னுக்குக் குறையாத கழிவு உலகெங்கும் குவிந்தது. லக்னோவை அடுத்தும் அத்தகைய கழிவுக் குவியல் உண்டு. நம் நாட்டில் பி.எச்.சி. 1997-ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் லிண்டேனும் சேர்க்கப்பட்டது. தடை விதித்ததால் மண்ணில் ஏற்கனவே கிடப்பது நீங்கிவிடுவதில்லை. பீட்டா வகை யாவற்றினும் பிடிவாதமாக நிற்பது.

கரும்பின் வேர்ப்பகுதி மண்ணிலிருந்து கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ஒரு பாக்டீரியத்தைப் பிரித்தெடுத்து 1990-ஆம் ஆண்டில் அறிவித்தனர். பி.எச்.சி.யின் ஆல்பா, பீட்டா, காமா வகைகளை அது சிதைக்க வல்லது. ஜப்பானிலும் பிரான்சிலும் அதனையொத்தவை கிடைத்திருந்தன. டில்லிப் பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்திய ஆராய்ச்சியின் பயனாக 2005-ஆம் ஆண்டில் இம்மூன்றும் வெவ்வேறு இனங்கள் எனத் தெளிந்து, நம்முடையதற்கு ஸ்பிங்கோபியம் இண்டிகம் என்று பெயரிடப்பட்டது.

இவை நஞ்சைச் சிதைக்கப் பயன்படுத்தும் ஜீன்களுக்கு 'லின்' ஜீன்கள் என்று பெயர். ஒரு லின் என்ஸைம் ஹைட்ரஜனோடு குளோரினை உரித்தெடுக்கிறது. மற்றொன்று குளோரின் இருந்த இடத்தில் நீரின் பகுதியை வைக்கிறது. எஞ்சிய கார்பன் ஆகாரமாகிறது. மூன்று நாடுகளில் எடுத்த மூன்று இனங்களிலும் இந்த ஜீன்கள் மிக நெருங்கிய ஒற்றுமை உடையவை. பல கோடி ஆண்டுகளாக ஓர் உயிரில் இருந்துவரும் ஜீன்கள் ஒரே வரிசையில் ஒழுங்காக அமைந்திருத்தல் பெரும்பான்மை. இவையோ ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. அருகில் பெரும்பாலும் 'ஐ.எஸ்.6100' என்னும் துள்ளும் டி.என்.ஏ. துண்டின் பிரதிகள் காணப்படுகின்றன. அத்துண்டு தன் பக்கத்திலுள்ள ஜீன்களையும் இடம்பெயரச் செய்யவல்லது. பழைய வீட்டுக்கு ஒவ்வொரு அறையாகச் சேர்த்துக் கட்டியதன் தழும்புகள் சுவரில் தெரிவது போல, இந்த ஜீன்கள் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தவை என்பதற்கு அத்துண்டுகள் சாட்சியாகின்றன. இந்திய இனத்தின் லின்-பி என்ஸைம் ஜப்பானிய இனத்தினதிலிருந்து சுமார் முந்நூறு அமினோ அமிலங்களில் ஏழில் மட்டுமே வேறுபடுகிறது. அந்த ஏழின் காரணமாகப் பிடிவாதமான பீட்டா வகையை அது விரைந்து தாக்குகிறது.

இப்பாக்டீரியத்தைப் பெருக்கி, மக்காச்சோளத் தக்கைத் தூளில் ஏற்றி, நஞ்சேறிய மண்ணிற் கலந்து சோதித்தனர். நஞ்சின் அளவு குறையவே செய்தது. ஆனால் இட்ட பாக்டீரியம் அம்மண்ணில் சில நாட்களே நிலைத்தது. மீண்டும் மீண்டும் இடவேண்டியிருந்தது. நஞ்சை உண்ணும் ஜீன்கள் அதனிடம் உண்டு. ஸ்போர் உண்டாக்கும் ஜீன்கள் இல்லை.